மங்கலத்துக்கு ஒரு படம்

படம் வரைகிறவனுக்கு வாய் வேண்டியதில்லை என்று நம்பி இந்த உத்தியோகத்துக்கு வந்தவன் நான். பெயர் எஸ்றா. சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். கூஜா, வாழைப்பூ, மண்பானை என்று ஏதாவது ஒன்றைக் கரும்பலகையில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டால் பீரியட் தானாக ஓடிவிடும். பதினெட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. என்னைச் சோம்பேறி என்று மற்ற வாத்தியார்கள் சொல்வார்கள். சோம்பேறி இல்லை, கோழை. அது எனக்கே எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில்தான் தெரிந்தது.

அந்த மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இனிகோ என் வீட்டுக்கு வந்தான். பக்கத்து வீட்டுக்காரன். கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணி ஒன்றில் தண்டல், அதாவது அந்தத் தோணிக்கே தலைவன். துறைமுகத்திலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. தோளில் ஒரு தகரப் பெட்டி. அதை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, "கதவைச் சாத்தும் வாத்தியாரே" என்றான்.

சாத்தினேன்.

"சொரிமுத்து செத்துட்டான். போன வெள்ளிக்கிழமை. மூணு நாள் காய்ச்சல். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனா காயிதம் கேப்பாங்கன்னு கடைக்காரனுவ பயந்துட்டு உள்ளயே போட்டு வச்சிருந்திருக்கானுவ. நான் போயிப் பாக்குததுக்குள்ள மூச்சு நின்னுட்டு. அங்கனயே எரிச்சாச்சு. இது அவன் பொட்டி."

கடல்காரன் பேச்சு அப்படித்தான் இருக்கும். சுற்றி வளைக்கத் தெரியாது. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"கடைக்காரன் தந்தி அடிக்க மாட்டான். தந்தி அடிச்சா, ஆளு எப்பிடி வந்தான்னு கேள்வி வரும். நீர்தான் அவுக வீட்டுல போயிச் சொல்லணும். இன்னைக்கே சொல்லிரும்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

நான்தான் சொல்ல வேண்டும் என்பதில் இனிகோவுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. ஏனென்றால் சொரிமுத்துவைக் கொழும்புக்கு அனுப்பி வைத்ததே நான்தான்.

சொரிமுத்து எங்கள் பள்ளித் தமிழ்ப் பண்டிதர் சங்கரலிங்கம் ஐயாவின் ஒரே மகன். இருபத்திரண்டு வயது. பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு தடவை தோற்றுவிட்டு, அப்பா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு பழைய துறைமுகத்துப் பக்கம் சுற்றித் திரிந்தான். கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் ஆள் கேட்டார்கள். பாஸ்போர்ட் வர வருஷம் ஆகும் என்றார்கள். "காயிதம் பின்னால வரட்டும், ஆளு முன்னால போகட்டும்" என்று சொன்ன புத்திசாலி நான். இனிகோவிடம் பேசி, தோணி ஆட்களில் ஒருவனாகச் சேர்த்து ஏற்றிவிட்டவனும் நான். அன்றைக்குத் துறைமுகத்தில் பண்டிதர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம்பிள்ளைய மனுசனாக்கிட்டீங்க சார்" என்று சொன்னார்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஐயா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நடக்க நடக்க வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் என்றால் போதகர் போய்ச் சொல்லிவிடுவார். பின்னால் நின்று ஆமென் சொன்னால் போதும். இங்கே முன்னால் நிற்க வேண்டியவன் நானே.

ஐயா முன்னறையில் கூடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டுக் காகிதம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்க எஸ்றா சார்! ஒங்களுக்கு நூறாயுசு. இப்பத்தான் நெனச்சேன்."

எனக்கு அந்த நூறும் வேண்டாம் போலிருந்தது. அவர் என்னை வாயைத் திறக்கவே விடவில்லை. பள்ளியில் முத்தமிழ் விழா வருகிறதாம். மாவட்டக் கல்வி அதிகாரி வருகிறாராம். தமிழ் இலக்கணத்தைப் படமாக வரைந்து பன்னிரண்டு போஸ்டர் வைக்க வேண்டுமாம். பதினொன்றைப் பையன்களிடம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார். எல்லாப் படத்திலும் ஒரு முத்துக்குளிக்கிறவனாவது தலைகாட்ட வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் உத்தரவு. இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. அது ஹெட்மாஸ்டருக்கு ஒரு பொருட்டில்லை.

"பன்னெண்டாவது படத்தைப் பையன்களால போட முடியாது. ஒங்களாலதான் முடியும். மங்கலம்" என்றார் ஐயா.

தெரியாமல் விழிக்கிறேன் என்று நினைத்து விளக்கத் தொடங்கினார்.

"விளக்கை அணைன்னு நாம சொல்லுததில்ல. குளிர வைன்னு சொல்லுதோம். சுடுகாட்டை நன்காடும்போம். எறந்துட்டாருன்னு சொல்லாம துஞ்சினாரும்போம். அமங்கலமான சேதியாயிருந்தாலும் கேக்குதவன் மனசு நோகப்படாதுன்னு சொல்லையே மாத்தி வச்சிருக்கான் தமிழன். அந்த மனசைப் படமாப் போடணும் சார். படத்துல பாடை, பொணம், மாலை எதுவும் தெரியப்படாது. ஆனா பாக்குதவனுக்கு விளங்கிரணும்."

இப்படி ஒரு நாளில் இப்படி ஒரு விஷயத்தை இந்த மனிதர் என்னிடம் கேட்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் தெரியாது. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி பேச்சித்தாய் சுக்குக் காப்பியோடு வந்தாள். நான் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவள், கைநாட்டு. ஆனால் எந்தத் தோணி எப்போது வருகிறது என்பது துறைமுக ஆபீசை விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கொழும்புத் தோணி வந்திருக்காம்லா அண்ணாச்சி? பய லெட்டர் ஏதும் குடுத்து விட்டானா?"

"இல்ல மதினி."

அது பொய்யில்லை.

"சொகமா இருக்கானாமா?"

நான் தலையாட்டினேன். ஒரே ஒரு தலையாட்டல், அதோடு சரி. அப்புறம் அந்த வீட்டில் எதைச் சொன்னாலும் முதலில் என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. காப்பியைக் குடித்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை கொற்கைக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா என்றும், மகனுக்காக முளைப்பாரி எடுக்க நேர்ந்திருப்பதாகவும், விதை போட்டாயிற்று என்றும் மதினி சொன்னாள். கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் கைப்பிடியில் மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்திருந்தது. பயணம் புறப்பட்ட அன்றைக்கு என் கண் முன்னால் மதினி முடிந்தது. மகன் நல்லபடியாகத் திரும்பி வந்து, தன் கையால் அவிழ்த்து அம்மன் உண்டியலில் போட வேண்டிய காணிக்கை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் மறுநாள் என்று ஒரு வாரம் போனது. ஏன் சொல்லவில்லை என்று இப்போது பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. பயம். அவர்கள் அழுவார்கள் என்று பயமில்லை. அழுது ஓய்ந்த பிறகு இரண்டு பேரும் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வைக்குத்தான் பயம். ஆனால் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு. எப்படியும் எல்லாம் முடிந்துவிட்டது, பத்து நாள் முந்தித் தெரிந்தால் என்ன, பிந்தித் தெரிந்தால் என்ன, அதுவரை அந்த வீட்டில் சிரிப்பாவது இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். ஏதோ தர்மம் செய்கிறவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுகூட நடந்திருக்கிறேன்.

இனிகோவைக் கண்டால் மட்டும் ஒளிந்துகொண்டேன்.

படம் வேறு வரவில்லை. முதலில் குத்துவிளக்கும், திரியைத் தொடப்போகிற ஒரு பூவும் வரைந்தேன். தீப்பெட்டிக் கம்பெனி காலண்டர் மாதிரி வந்தது. பிறகு கண்ணை மூடித் தூங்குகிற ஒரு பெரியவரை வரைந்தேன். இலவம்பஞ்சு மெத்தை விளம்பரம் என்று சொல்லி யாரிடமாவது விற்றிருக்கலாம். இரண்டையும் கிழித்துப் போட்டேன். மங்கலம் என்பதே ஏமாற்று வேலையோ என்று எரிச்சலாக வந்தது. நல்ல துணியைப் போட்டு மூடினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா? ஆனால் நான் செய்துகொண்டிருப்பது அதில்கூடச் சேராது. மங்கலமாகச் சொல்கிறவனும் சொல்லத்தானே செய்கிறான்.

கொடை முடிந்த மறுநாள் மதினி ஊரிலிருந்து திரும்பிய கையோடு ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். கழுத்திலும் கையிலும் சந்தனம் காய்ந்திருந்தது. தலையில் வாடிய பிச்சிப்பூ. பாரி சுமந்து, குலவை போட்டு, தொண்டை கட்டிப்போயிருந்தது.

"பாரி ஒரு மொழத்துக்கு வளந்திருந்துச்சி அண்ணாச்சி. ஒரு பயிரு பழுதில்ல. ஊரே வாயில வெரல வச்சிட்டு. எம்புள்ளைக்கு ஒரு கொறையும் வராது. இந்தாங்க, அம்மன் பொங்கலு. நீங்க வேதக்காரரு, கோயில் சோறு திங்கமாட்டீங்களோ என்னமோ, ஆனா அவன் கொழும்புக்குப் போனதே ஒங்களாலதான். ஒரு வாயி சாப்புடணும்."

அவள் நின்ற இடத்திலிருந்து நாலடி தூரத்தில் போர்வைக்குப் பின்னால் பெட்டி இருந்தது. நான் பொங்கலைத் தின்றேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்றேன்.

அவள் போன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாயால் முடியாததைக் கையால் செய்துவிடுவது. ஐயா கேட்டது சாவைக் காட்டாமல் சாவைச் சொல்லுகிற படம். என்னிடம் அது தயாராகக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. வரைந்து அவர் கையில் கொடுத்துவிட்டால் அவரே படித்துக்கொள்வார். நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். கோழைக்கு வருகிற யோசனை இப்படித்தான் வரும்.

பெட்டியை வெளியே இழுத்து எதிரில் வைத்துக்கொண்டு, பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்து, நாலு நாள் வரைந்தேன். பழைய துறைமுகம். பாய் சுருட்டிய ஒரு தோணி அப்போதுதான் அணைந்திருக்கிறது. கரையெல்லாம் கூட்டம். மூட்டையைத் தூக்குகிற கை, குழந்தையை வாங்குகிற கை, தோளில் விழுகிற கை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கை இருக்கிறது. நடுவில் வெறும் தரையில் ஒரு தகரப் பெட்டி மட்டும் தனியாக இருக்கிறது. அதன் பக்கம் யாருமில்லை; பார்க்கிறவர்கள்கூட வேறு பக்கம் பார்க்கிறார்கள். கைப்பிடியில் மஞ்சள் முடிச்சு. அந்த முடிச்சை மட்டும் அரை நாள் வரைந்தேன், துணியின் சுருக்கம் உட்பட. கீழே மங்கலம் என்று எழுதினேன். முத்துக்குளிக்கிறவனைப் போடவில்லை. என் வாழ்க்கையில் நான் உருப்படியாக வரைந்த படம் அது ஒன்றுதான். அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

விழாவுக்கு முதல் நாள் ஆசிரியர் அறையில் ஐயா முன்னால் விரித்துவைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆளில்லாத பொட்டி" என்றார் மெதுவாக. "சார்! சாவுன்னு ஒரு சொல்லு இல்ல. ஆனா நெஞ்சுக்குள்ள போயி உறுத்துதே. இதுதான் சார் மங்கலம். வகுப்புல முப்பது வருசமா நான் சொல்லி வெளங்காததை ஒரு தாள்ல காட்டிட்டீங்க."

அவர் கண்ணில் நீர் நின்றது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வார்த்தை வரும்வரைதான்.

"சொரிமுத்துக்கு எழுதணும். நம்ம எஸ்றா சார் போட்ட படத்தை நீ பாக்கக் கொடுத்து வைக்கலியேலேன்னு எழுதணும்."

பெட்டியைக் கட்டிக் கொடுத்தது அவரில்லை. முடிச்சுப் போட்டதும் அவரில்லை. அன்றைக்குத் துறைமுகத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்க்கவே இல்லை. எழுத்தைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நான் ஒரு தடவை தொண்டையைக் கனைத்தேன். அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடிவிட்டார்.

விழா அன்று புதன்கிழமை. எட்டாம் வகுப்பு அறையில் பன்னிரண்டு படமும் சுவரில் தொங்கின. பிள்ளைகளைப் பெற்றவர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்துக் கூடத்தில் ஒலிபெருக்கியில் ஐயா பேசிக்கொண்டிருந்தார். நான் என் படத்துக்குப் பக்கத்தில் காவல்காரன்போல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

மதினி பட்டுச் சேலை உடுத்தி வந்தாள். புருஷன் நடத்துகிற விழா என்ற பெருமை நடையிலேயே தெரிந்தது. ஒவ்வொரு படத்திலும் முத்துக்குளிக்கிறவனைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். என் படத்துக்கு வந்தாள். கீழே எழுதியிருந்தது அவளுக்கு ஒன்றுமில்லை. கூட்டத்தைப் பார்த்தாள், தோணியைப் பார்த்தாள், பெட்டிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் கையை நீட்டி அந்த மஞ்சள் முடிச்சைத் தொட்டாள். பெயிண்ட் என்று தெரிந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, இந்தப் பொட்டி எங்க இருக்கு?"

"எங்க வீட்டுல, மதினி."

"எம்புள்ள செத்துட்டானா?"

இனிகோவுக்குப் பிறகு அந்த வார்த்தையை நான் யார் வாயிலும் கேட்கவில்லை. எழுந்து நின்றேன். "அது வந்து மதினி, இனிகோ என்ன சொல்லுதான்னா..." என்று தொடங்கினேன்.

"செத்துட்டானா இல்லியா?"

"செத்துட்டான்."

"என்னைக்கு?"

"கொடைக்குப் பதினோரு நாளு முன்னால."

அவள் அழவில்லை. தலையிலிருந்த பூவைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

"எங்கூட்டுத் தீட்டோட நான் முளப்பாரி சொமந்தேனா? புள்ளைய எரிச்ச வீட்டுக்காரி அம்மன் வாசல்ல நின்னு கொலவ போட்டேனா? ஒமக்குத் தெரியும். நான் கொண்டாந்த பொங்கலைத் தெரிஞ்சுதான் தின்னீரு."

தீட்டு. சாவு நடந்த வீட்டுக்காரர்கள் கோயில் படி ஏற மாட்டார்கள் என்பது இந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதினெட்டு வருஷம் இவர்களுக்கு நடுவில் இருந்த எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதினைந்து நாளில் ஒரு தடவைகூட அது என் புத்தியில் தட்டவில்லை. எங்களுக்கு அடக்கம் முடிந்தால் முடிந்தது. அதற்குப் பிறகு எந்த நாளும் ஒன்றுதான். அவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்து நாளைக் கடத்தியிருக்கிறேன். நான் அவளுக்குக் கொடுத்ததாக நினைத்த சந்தோஷத்தில் அவளை அவள் சாமியின் முன்னால் குற்றவாளியாக்கி நிறுத்தியிருந்தேன்.

"அவருகிட்டயும் நீரே போயிச் சொல்லும்" என்றாள். "படத்தைக் காட்ட வேண்டாம். வாயால சொல்லும்."

கூடத்துக்குப் போனேன். முன்வரிசையில் கல்வி அதிகாரி. மேடையில் ஐயா சொல்லிக்கொண்டிருந்தார், கேட்கிறவன் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தமிழன் சொல்லை எப்படியெல்லாம் மாற்றி வைத்தான் என்று. நான் மேடையில் ஏறியதும் கையை நீட்டி என்னை வரவேற்றார். "இந்தா, படம் வரைந்தவரே வந்துவிட்டார்" என்றார் மைக்கில். பையன்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்வரை நின்றேன். பிறகு அவர் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"ஐயா, சொரிமுத்து செத்துட்டான்."

மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது. தெருவில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலும் கேட்டிருக்கும்.

ஐயா மைக்கை இரண்டு கையாலும் பொத்தினார். பிறகு மேடை விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்து, தேதியைக் கேட்டார். சொன்னேன். கட்டைவிரலை விரல் கணுக்களில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. பதினாறைத் தாண்டியும் விரல் போய்க்கொண்டே இருந்தது. பத்தொன்பதில் நின்றது. கருமாதி செய்ய வேண்டிய நாள் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

"கொள்ளி யாரு வச்சா?" என்றார்.

"தெரியாதுய்யா. நான் கேக்கல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் இத்தனை நாளாகப் பயந்த பார்வை இதுதான். அதில் கோபமே இல்லை. இப்படியும் ஒருவன் இருப்பானா என்றுதான் பார்த்தார்.

"கேக்கலியா சார்? இனிகோவைக் கூட்டிட்டு வாங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

இனிகோவின் தோணி முந்தாநாளே மறுபடியும் கொழும்புக்குப் போயிருந்தது. பதின்மூன்று நாள் அவன் எனக்குப் பக்கத்து வீட்டில்தான் இருந்தான். "சொல்லியாச்சா வாத்தியாரே?" என்று கேட்டுவிடுவானே என்று நான் பின்வாசல் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தேன். ஐயா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். தோணி போய்விட்டதையும், நான் ஒளிந்து திரிந்ததையும் சொன்னேன்.